நூற்றைம்பதா, நூற்றெண்பதா என்று கேட்ட மகனுக்கு

கதிர்,

நேற்று முன்தினம் பிற்பகல், கடையில் தோட்டாப் பெட்டிகளை எடைவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. அதில் இரு பகுதிகள் இருந்தன. "அம்மா, அக்டோபர் லீவுக்கு வர முடியாது போல. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட எல்க் ஹன்ட் போறேன், பெர்மிட் கிடைச்சிருச்சு. சாரிம்மா" என்பது முதற்பகுதி. அதன் கீழே நீ துப்பாக்கியைத் தோளில் பொருத்தி நிற்கும் புகைப்படம். அதற்கும் கீழே, "ரைஃபிள் வாங்கிட்டேன். ஷார்ட் மேக்னம். 150-ஆ, 180-ஆ? நீதான எக்ஸ்பர்ட்!" என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் கேள்விக்குறி இல்லை. ஆகவே அதற்கு என் விடை தேவைப்படவில்லை என்று புரிந்துகொண்டேன். இரண்டாவதற்கு விடை தேவை. இத்தனை ஆண்டுகளில் என் தொழிலைக் குறித்து நீ என்னிடம் கேட்ட முதற்கேள்வி அது. அந்த முதற்கேள்வி, நீ என்னைப் பார்க்க வராமல் மேற்கொள்ளப்போகும் பயணத்துக்கு உரியதாக அமைந்துவிட்டது.

விடை ஓர் எண்தான். அதைக் கைபேசியில் தட்டி அனுப்ப ஒரு நொடி போதும். நீயும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். ஆனால் எங்கள் கடையில் எடையைக் கேட்டு வருகிறவருக்கு நான் நின்ற நிலையில் விடை சொல்வதில்லை. முதலில் உட்காரச் சொல்வேன். எந்த விலங்கு, எந்த மலை, எவ்வளவு தூரம், உடன் வருகிறவர் யார் என்று கேட்பேன். அதன் பிறகே அலமாரியைத் திறப்பேன். அந்த மரியாதையை உனக்கும் அளிக்க விரும்புகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதை அறிவேன். அவசரப்படாதே; வேட்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ மெதுவாகப் படிப்பதில் எனக்கு ஆதாயமும் உண்டு: அவ்வளவு நேரம் நீ என்னோடு இருப்பாய். ஷார்ஜாவில் எங்கள் வாசகர் வட்டம் கொண்டுவரும் ஆண்டு மலருக்கும் இதன் படியொன்றைக் கொடுக்கப்போகிறேன். பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இங்கே குளிர்சாதனப் பெட்டியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் இங்கே என் ஒருத்தியோடு முடிவதில்லை.

நான் இத்தொழிலுக்கு வந்த கதையை உனக்கு முழுமையாகச் சொன்னதில்லை. உன் அப்பா துபாய் அல் கூஸில் ஒரு தச்சுப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தபோது, வேட்டைப் பொருட்கள் விற்கும் இந்தக் கடைக்கு மர அலமாரிகள் செய்து கொடுத்தார். அலமாரி வந்தபின் அவற்றில் எதை எங்கே வைப்பது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. வந்திறங்கிய பெட்டிகள் தரையில் குவிந்துகிடந்தன. "எங்க வீட்ல இருக்கா, அடுக்குறதுல கெட்டிக்காரி" என்று உன் அப்பா எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஒரு வார வேலை என்று போனேன். கோவில்பட்டியில் பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, ஆங்கிலம் அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டில்தான் கிடைத்தது. வேகம், எடை, நூறு கெஜத்தில் எவ்வளவு தாழும், முந்நூறில் எவ்வளவு என்று அவற்றில் அச்சிட்டிருந்த சிறிய கட்டங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். படித்தவை புரியாதபோது வாங்கியவர்களைக் கேட்டேன். எனக்குப் பள்ளியும் அதுதான், கல்லூரியும் அதுதான். இன்று ஒரு வாடிக்கையாளர் மலையின் பெயரைச் சொன்னால், அவர் கொண்டுபோக வேண்டிய பெட்டியை நான் திரும்பிப் பாராமலே கைநீட்டி எடுப்பேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

கடையில் என் பெயர் யாருக்கும் தெரியாது என்பதாவது உனக்குத் தெரியுமா? அரபு வழக்கப்படி, பிள்ளை பெற்றவளை அப்பிள்ளையின் பெயரால் அழைப்பார்கள். முதலாளி என்னை முதல் நாளே "உம் கதிர்" என்று அழைத்தார், கதிரின் தாய். அதுவே நிலைத்துவிட்டது. கதவைத் திறந்து வருகிறவர் எவராயினும், "வென் உம் கதிர்?", உம் கதிர் எங்கே, என்று கேட்டுக்கொண்டேதான் வருவார். ஆக, நீ கனடாவின் கால்கரிக்குப் போனபின்னும் உன் பெயர் இந்தக் கடையில் நாள்தோறும் ஒலிக்கிறது. நான் நாள்தோறும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறேன். நீயோ பள்ளியில் என் தொழிலைக் கேட்டபோது, "ஸ்போர்ட்ஸ் குட்ஸ் கடை" என்று சொல்லி வைத்திருந்தாய். பெற்றோர் கூட்டத்தில் உன் வகுப்பாசிரியை என்னிடம், "எங்க பையனுக்கு ஒரு நல்ல பேட்மின்டன் ராக்கெட் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டார். நானும், "பார்த்துச் சொல்கிறேன், டீச்சர்" என்றுதான் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மேல்மாடி சரோஜாவே ஒவ்வோர் ஆண்டும் கேட்பாளே: "ஏங்க்கா, புரட்டாசி வந்தா நாங்க முட்டையக்கூடத் தொட மாட்டோம். நீங்க என்னடான்னா தோட்டா வித்துட்டு வர்றீங்க!" "விக்கிறேன் சரோ, திங்கலையே" என்று சொல்லிவிட்டு என் வழியே நடப்பேன். இந்தப் புரட்டாசியில் என் மகனே வேட்டைக்குப் போகிறான் என்று சொன்னால் அவள் எந்தச் சாமிக்கு வேண்டிக்கொள்வாளோ தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். குண்டின் எடையைக் கிரெயின் என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின் கொள்ளலாம். ஆகவே நீ கேட்ட இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிச் சீரகம். அந்தச் சீரகம் என்ன செய்யும்? நூற்றைம்பது விரைந்து புறப்படும். அதன் பாதை தட்டையாக இருக்கும். தூரத்தைக் கணிப்பதில் நீ சற்றே தவறினாலும் மன்னிக்கும். ஆனால் இலேசான பொருளுக்கு உரிய குணம் அதற்கும் உண்டு: காற்று தள்ளினால் ஒதுங்கும், போகப் போக வேகத்தை விரைவில் இழக்கும், மென்மையாகச் செய்யப்பட்டதாயின், அருகிலிருந்து பெரிய எலும்பில் மோதும்போது உடைந்து சிதறும். நூற்றெண்பது நிதானமாகப் புறப்பட்டு, புறப்பட்ட வேகத்தை நெடுந்தூரம் காப்பாற்றும், ஆழமாகப் போகும். எல்க் என்பது நம் கடமானுக்கு அண்ணன் முறை. நன்கு வளர்ந்த ஆண் ஒன்று நம் பழைய காரின் பாதி எடையையாவது எட்டும். அது படத்தில் நிற்பதுபோல் உனக்குப் பக்கவாட்டில் நிற்காது. தோளைக் காட்டிக்கொண்டு சாய்வாக நிற்கும்; திரும்பும்; நடக்கும். குண்டை அந்த மோசமான நிலைக்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும். இதனால்தான் உன் நண்பர்கள் நூற்றெண்பது என்று சொல்லியிருப்பார்கள். தவறில்லை. நானும் பெரும்பாலோருக்கு அதையே சொல்வேன்.

இருநூறும் இருக்கிறதே, அது இன்னும் நல்லதல்லவா என்று நீ அடுத்து கேட்பாய். உன் துப்பாக்கியின் பெயரிலேயே குட்டை என்பது இருக்கிறது. அதன் தோட்டாக்கூடு குட்டையானது, பருத்தது. எடை கூடக்கூடக் குண்டு நீளும்; நீண்ட குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, வெடிமருந்துக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் முவைலா வீட்டில் நெட்டையான உன் பெரியப்பா மகன் வந்து தங்கியபோது அவன் கால் நீட்டப் படுக்க, நீ சமையலறையில் பாய் போட்டாயே, அதைப் போன்றது. அந்தக் கூட்டுக்கு நடுத்தர எடைகளே இணக்கமானவை. அவற்றுள் எது உனக்கு என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லுமுன் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாளி ஒருமுறை மத்திய ஆசியாவின் மலைக்கு ஐபெக்ஸ் என்னும் காட்டாடு வேட்டைக்குப் போனார். போகுமுன், இங்கே பாலைவனச் சுடுதளத்தில், நெருப்பாய்க் காயும் வெயிலில், நூற்றைம்பது கிரெயினை வைத்துத் தன் துப்பாக்கியின் குறியைத் திருத்திக்கொண்டார். புறப்படும்போது பெட்டிகளைக் கட்டியவன் அவருடைய தம்பி மகன் சயீத். "பெரிய ஆட்டுக்குப் பெரிய குண்டு" என்று நினைத்து நூற்றெண்பதை எடுத்து வைத்துவிட்டான். துப்பாக்கிக்குள் பொருந்தியது, ஆகவே யாரும் ஐயுறவில்லை. குண்டு மாறினால் குறியும் மாறும். கடுங்குளிரில் மருந்தும் சற்றுச் சோம்பும். பள்ளத்தாக்குக்கு அப்பால் நின்ற ஆட்டுக்கு அவர் வைத்த குறி ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. ஆடு முகட்டைக் கடந்து போய்விட்டது. ஊர் திரும்பிய அன்றே கடைக்கு வந்தார். காவா என்னும் அரபுக் காப்பியை நீட்டிய சேகரைக் கையால் விலக்கினார். சேகரை உனக்கு நினைவிருக்கும். சிவகங்கைக்காரர், உனக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்கியவர்.

"உம் கதிர், லகா. லேகின் மிலா நஹி" என்றார் முதலாளி, எங்கள் கடைக்கு உரிய இந்தியில். பட்டது, ஆனால் கிடைக்கவில்லை. பிறகு தன் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, "ராத் மே அகேலா கிதர் சோயா, மாலூம் நஹி" என்றார். இரவில் அது தனியாக எங்கே போய்ப் படுத்ததோ, தெரியவில்லை. அவர் வீட்டுச் சுவர் நிறையக் கொம்புகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றியும் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்தேன். ஒரு துண்டு வெட்டி, குறி திருத்திய எடையைப் பேனாவால் அழுத்தி எழுதி, அவருடைய துப்பாக்கியின் கட்டையில், கன்னம் படும் இடத்துக்கு அருகில் ஒட்டினேன். சுடுகிறவன் கண்ணுக்கு நேரே எண் இருக்கும். மாற்றுப் பெட்டியைத் திறக்கும் கை தயங்கும். அன்றிலிருந்து வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் துப்பாக்கியிலும் என் கையெழுத்தில் ஓர் எண் போகிறது. திரும்பி வந்ததும் அதைப் பிய்த்துக்கொண்டு வந்து என்னிடம் தர வேண்டும். தரும்போது, குண்டு எங்கே பட்டது, எப்படி நடந்துகொண்டது, விலங்கு எவ்வளவு தூரம் போனது என்று சொல்ல வேண்டும். உன் அப்பா செய்த அலமாரிக் கதவின் உட்புறத்தில் அந்தத் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்தவர்கள் சொன்னதுதான். ஒருமுறை ஒரு பெரியவர் தன் துண்டை டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். டிரைவர் பெஷாவர்க்காரர். நான் வாங்க மறுத்துவிட்டேன்.

"மேடம், காகஸ்தானே, வச்சுக்கோங்க" என்றார் அவர், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில். காகஸ் என்றால் காகிதம்.

"பாய், வேட்டையாடுனது நீங்களா?"

"நான் வண்டிதான் ஓட்டுறேன்."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க."

உள்ளிருந்து முதலாளி சிரித்தார். "ஹலாஸ், பாய், போ. உம் கதிர் மாஃபி தருவாள் விடுதலை" என்று, உம் கதிர் உன்னை விடமாட்டாள் என்பதை, அவர் தமிழைக் கொலை செய்து சொன்னதைச் சேகர் இன்னமும் நடித்துக் காட்டுவார். மாலையில் அந்தப் பெரியவரே வந்தார். ஒரு மணிநேரம் உட்கார்ந்து, தன் வேட்டையை மலையடிவாரத்திலிருந்து சொன்னார். போகும்போது, இதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை என்றும் சொன்னார்.

இரண்டாவது நிகழ்ச்சி சயீதைப் பற்றியது. ஆடு தப்பியதற்கு ஈடுசெய்வதுபோல் அவன் தானே ஒரு ஷார்ட் மேக்னம் வாங்கினான்; நூற்றெண்பதைக் கேட்டான். மலைபோல் உடம்பு. ஆனால் சுடுதளத்தில் அவன் குண்டுகள் தாளின் நாற்புறமும் சிதறின. துப்பாக்கி சரியில்லை என்று கடைக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டான். முதலாளி என்னையும் சேகரையும் அழைத்துக்கொண்டு அவனோடு சுடுதளத்துக்கு வந்தார். சேகர் அவனுக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுத்தார். முதலில் சுட்டான், வெடித்தது. மறுபடி விசையை இழுத்தான். டிக் என்றது, வெடிக்கவில்லை. ஆனால் சயீத் கண்ணை இறுக்க மூடி, தோளைக் குலுக்கி, துப்பாக்கி முனையை மண்ணை நோக்கிக் குத்தினான். வராத உதைக்கு அவன் உடம்பு முன்கூட்டியே ஒதுங்கிய விதத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பந்தூக் மாஃபி கராப், இன்த கராப்!" என்றார். துப்பாக்கி கெடவில்லை, நீதான் கெட்டிருக்கிறாய்.

"அக்கா, எங்கூர்ல மாடு முட்ட வந்தாக்கூட இப்பிடி ஒதுங்க மாட்டாய்ங்க" என்று சேகர் என் காதில் சொன்னார்.

அன்று முதலாளியின் அனுமதியோடு நானும் அதே துப்பாக்கியால் ஒருமுறை சுட்டேன். இதுவும் உனக்குச் சொல்லாதது. தோள் ஒரு வாரம் கன்றியிருந்தது. முன்னே போகிற எடைக்கு ஏற்றபடி பின்னே வருகிற உதையும் இருக்கும் என்பதைப் பெட்டியின் கட்டங்களில் படித்திருந்தேன். படித்தது அன்றுதான் உடம்புக்குள் போனது. அதன்பின் எடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலங்கைப் பார்ப்பதற்கு முன்னால் வாங்குகிறவரின் தோளைப் பார்க்கத் தொடங்கினேன்.

இனி உன் புகைப்படத்துக்கு வருகிறேன். அதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் முகத்தையும் பார்த்தேன். தாடி உனக்குப் பொருந்தவில்லை. பிறகு துப்பாக்கியைப் பார்த்தேன். மெல்லிய குழல், இலேசான கட்டை. மலை ஏறுகிறவர்களுக்காக எடை குறைத்துச் செய்தது. துப்பாக்கி எவ்வளவு இலேசோ, உதை அவ்வளவு கடுமை. கட்டையின் அடிப்பகுதி உன் தோள்குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் அது வெளியே தள்ளி, புஜத்தின் மேல் நிற்கிறது. உன் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தாலும் கற்றுக்குட்டியின் பிழை என்று நினைப்பார்கள். நீ நான்காம் வகுப்பில் நம் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் மிதிவண்டியிலிருந்து விழுந்து வலப்பக்கக் காறை எலும்பை முறித்துக்கொண்டாய். கூடிய இடத்தில் ஒரு சிறிய மேடு நின்றுவிட்டது. அதன்பின் நீ பள்ளிப்பையை வலத்தோளில் போட்டதே இல்லை. "ஏல, தோளை மாத்திப் போடுல, முதுகு கோணிரும்" என்று உன் அப்பா சொல்லாத காலை உண்டா? "பழகிருச்சுப்பா" என்பாய். காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும்போதும் இருக்கைப் பட்டையை அந்த மேட்டின் மேல் படாமல் இழுத்துவிட்டுக்கொள்வாய். படத்தில் துப்பாக்கியையும் அப்படித்தான் வைத்திருக்கிறாய். உனக்கே தெரியாமல் அந்த எலும்பைக் காப்பாற்றுகிறாய், மகனே. அந்த இலேசான துப்பாக்கியில் நூற்றெண்பதைப் போட்டு நாலு முறை சுட்டால், ஐந்தாவது முறை சயீதைப்போலக் கண்ணை மூடுவாய். கண் மூடியவன் கையில் எந்த எடையும் பயனற்றது.

ஆகவே உன் கேள்விக்கு விடை நீ கேட்ட இரண்டிலும் இல்லை. நூற்று அறுபத்தைந்து. சாதாரண மென்குண்டாக வேண்டாம்; முழுதும் செம்பால் ஆனதோ, உறையும் ஈயமும் பிரியாதபடி இணைக்கப்பட்டதோ வாங்கு. உறுதியாகச் செய்யப்பட்ட நூற்று அறுபத்தைந்து, முந்நூறு கெஜத்துக்குள் எந்த எல்க்குக்கும் போதுமானது. நூற்றெண்பதுக்கும் இதற்கும் உதையில் உள்ள வேறுபாடு சிறியது என்று உன் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கண்ணைத் திறந்தே வைத்திருக்க அந்தச் சிறியது வேண்டும். கட்டையின் அடியில் தடித்த ரப்பர் மெத்தை ஒன்றும் பொருத்து. கட்டையைத் தோள்குழிக்குள் கொண்டுவா. மெத்தை இருந்தால் மேட்டில் வலிக்காது. ஒரே வகைப் பெட்டிகளாக வாங்கி, வேட்டையாடும் இடத்தின் குளிரிலேயே குறியைத் திருத்திக்கொள். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது சுடாதே. சுட்டபின் ஓடாதே, உட்கார்ந்து பொறுத்திரு, அடிபட்ட விலங்கு தன் இடத்தில் அமைதியாக அடங்கட்டும். பிறகு கிடைக்கும்வரை தேடு. ஐயம் இருந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடு. வெறுங்கையோடு வருவதில் இழிவு எதுவும் இல்லை.

என்னைப் பற்றிச் சில சொற்கள். முதலாளிக்கு உடம்பு முடியவில்லை. சயீதுக்குக் கடையில் நாட்டமில்லை. வரும் மார்ச்சோடு கடையை மூடுகிறார்கள். அதோடு என் விசாவும் முடியும். சேகர் ஊரில் ஆடு வளர்க்கப்போவதாகச் சொல்கிறார். நான் கோவில்பட்டி வீட்டுக்குப் போவேன். அங்கே என்னை எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பது எனக்கே மறந்துவிட்டது. இதைத் தொலைபேசியில் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அக்டோபரில் நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்று நினைத்ததுதான். உன் அப்பாவும் இல்லாத நிலையில், நீ வளர்ந்த வீட்டை நாம் இருவருமாகப் பூட்டிக்கொண்டு இறங்கலாம் என்றும் நினைத்தேன். உன் அறையின் குளிர்சாதனத்தைப் பழுது பார்த்து வைத்தேன். அறை குளிர்கிறதா என்று பார்க்க அதை மாலையில் சற்று நேரம் ஓடவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கதிர் வருகிறான்" என்று சொல்லியும் விட்டேன். நேற்றும் முதலாளி கேட்டார்: "வென் கதிர்? எப்ப வர்றான்?" எல்க் வேட்டைக்குப் போகிறான் என்றேன். கிழவரின் கண்கள் விரிந்தன. "மாஷா அல்லாஹ்! எந்த எடை?" என்றார். நூற்று அறுபத்தைந்து என்றேன். ஏன் என்று கேட்டார், தோளைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு, "அப்ப இங்க எப்ப வர்றான்?" என்று மறுபடியும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பெட்டி இல்லை.

நீ வேட்டைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லக் கூடியவளும் இல்லை. பிறர் மகன்களுக்கெல்லாம் பெட்டி எடுத்துக் கொடுத்து மலைக்கு அனுப்பியவள். போ. நன்றாகச் சுடு. நல்ல ஜாக்கெட் அணிந்துகொள். கைபேசி எட்டாத இடத்துக்குப் போகுமுன் எங்கே போகிறாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

இந்தக் கடிதத்தோடு ஒரு பிளாஸ்திரித் துண்டு வைத்திருக்கிறேன். அதில் 165 என்று எழுதியிருக்கிறேன். பேனாவை அழுத்திப் பிடித்ததில் ஐந்து சற்றுக் கோணிவிட்டது. உன் துப்பாக்கியின் கட்டையில், கன்னம் படும் இடத்துக்கு அருகில், துடைத்துவிட்டு ஒட்டிக்கொள். வேட்டை முடிந்ததும் பிய்த்து எடுத்துக்கொள். அலமாரிக் கதவில் முதலாளியின் முதல் துண்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். மார்ச் வரை கதவு அங்கேதான் இருக்கும். கடையின் விதி உனக்கும் பொருந்தும், கதிர்: துண்டைக் கையில் கொண்டுவந்து தர வேண்டும், உட்கார்ந்து, மலையடிவாரத்திலிருந்து சொல்ல வேண்டும். தபாலில் வந்தால் நான் வாங்குவதில்லை.

உம் கதிர்
முவைலா, ஷார்ஜா